ஆறிய புண்ணும் ஆறாத நோயும்

“அது அப்பவே மாறிப்போச்சு, பிள்ளை. ஒரு நோவும் இருக்கேல்லை.”

இடம்பெயர்ந்து வந்து பிறர் காணியில் கொட்டில் போட்டிருக்கும் கமக்காரர் ஒருவர் எம்முடன் வந்த தாதியிடம் சொன்ன வார்த்தைகள் இவை. குடும்பத்தை முகாமில் விட்டுவிட்டுக் கூலி வேலைக்கு வெளியூர் போய்த் தங்கியிருந்த காலத்தில் அவருடைய ஆண்குறியில் சிறு புண் ஒன்று வந்திருக்கிறது. நோகவில்லை, சீழ் வடியவில்லை, ஒரு மாதத்தில் தானாக ஆறிவிட்டது. ஆறிய புண்ணுக்கு யார்தான் மருந்து தேடுவார்? அவர் திரும்பி வந்து, மனைவி மூன்றாவது பிள்ளைக்குக் கர்ப்பமாகி, கிளினிக்கில் எடுத்த இரத்தத்தில் ‘சிபிலிஸ்’ என்று முடிவு வந்தபோதுதான் அந்தப் புண் எதுவென்று இருவருக்கும் விளங்கியது.

நெல்லுக்குக் கபிலநிறத் தத்தி விழுந்த வயலை வரம்பில் நின்று பார்த்தால் பச்சையாகத்தான் தெரியும். வயலுக்குள் இறங்கித் தண்ணீர் மட்டத்தில் பயிரின் அடியை விலக்கிப் பார்ப்பவருக்கே பூச்சி தெரியும். பாலியல் நோய்களும் அப்படித்தான். சொந்த வயலில் ஒரு நாளும் வரம்பில் நின்று தீர்ப்புச் சொல்லாத நாம், சொந்த உடம்பு விஷயத்தில் மட்டும் அப்படிச் சொல்லிவிடுகிறோம்.

சிபிலிஸ் கிருமி உடலுறவின்போது தொற்றுகிறது. பெரும்பாலும் மூன்று வாரமளவில், சிலருக்கு மூன்று மாதம் வரை சென்று, கிருமி புகுந்த இடத்தில் நோவில்லாத புண் தோன்றும். பெண்களுக்கு அது யோனியின் உள்ளே இருந்தால் கண்ணுக்கே படாது. மருந்து செய்யாவிட்டாலும் ஆறிவிடும். கிருமியோ இரத்தத்தில் நிற்கும். சில வாரங்களின் பின் உடம்பிலும், முக்கியமாக உள்ளங்கை உள்ளங்கால்களிலும் தடிப்பு வரலாம். பொதுவாக அது கடிப்பதில்லை. அதுவும் மறைந்துவிடும். அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் ஓர் அடையாளமும் இல்லை. சிலருக்குக் கடைசியில் இருதயத்தையும் மூளையையும் கண்ணையும் கெடுக்கும். கர்ப்பிணிக்கு இருந்தால் அத்தனை காலம் பொறுக்காது: கரு சிதையலாம், பிள்ளை இறந்து பிறக்கலாம், நோயுடன் பிறக்கலாம்.

வெட்டை எனப்படும் கொனோரியா ஆண்களில் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தன்னைக் காட்டிவிடும். சலம் கழிக்கும்போது எரிவும் சீழும் இருக்கும். பெண்களில் பலருக்கு ஒன்றுமே தெரியாது. கிளமீடியா என்பது இன்னும் அமைதியான நோய். இவை கவனிக்கப்படாமல் கருக்குழாயை அடைத்தபின், பிள்ளையில்லை என்று கோயில் கோயிலாகத் திரிந்த பெண்களை ‘மலடி’ என்று சொன்ன வாய்கள் எத்தனை!

இதற்கு மறுபக்கமும் உண்டு. தயிர்போல் வெள்ளை படுதலும் கடியும் கண்டவுடன் புருஷனைச் சந்தேகிக்க வேண்டாம். அது அநேகமாகப் பங்கசினால் வருவது. கர்ப்ப காலத்திலும் நீரிழிவு உள்ளவர்களுக்கும், சில மாத்திரைகள் எடுத்தபின்பும் வரும். பாலியல் நோயாகக் கணக்கெடுக்கப்படுவதில்லை. எது எதுவென்று கண்ணால் தீர்மானிக்க முடியாது என்பதற்காகத்தான் பரிசோதனை இருக்கிறது.

இலங்கையில் இப்பரிசோதனைக்குப் பணம் இல்லை. யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை முதலிய இடங்களின் பெரிய அரச வைத்தியசாலைகளில் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்கள் உண்டு. எவரிடமும் கடிதம் வாங்கிப் போகத் தேவையில்லை. உங்களை அங்கு இலக்கத்தால் அறிவார்கள். சிபிலிசுக்கும் எச்.ஐ.விக்கும் இரத்தம், மற்றவைக்குச் சலம் அல்லது பஞ்சுக் குச்சியால் எடுக்கும் கசிவு. ஆனால் தொற்றிய மறுநாளே இரத்தம் கொடுத்தால் ஒன்றும் தெரியாது. சிபிலிசுக்குச் சில வாரங்கள் செல்ல வேண்டும், எச்.ஐ.வி இல்லையென்று உறுதியாகச் சொல்லப் பழைய முறையில் மூன்று மாதம் வேண்டும், புதிய பரிசோதனைகளில் பெரும்பாலும் ஆறு வாரமளவில் தெரியும். எனவே எப்போது நடந்தது என்பதை வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். இடையில் கடையில் மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். அரைகுறை மருந்து அடையாளத்தை மறைக்கும், நோயை எடுக்காது.

கர்ப்பிணிகளுக்கோ பரிசோதனை கிளினிக்கிலேயே நடக்கிறது. ‘வி.டி.ஆர்.எல்.’ என்று அட்டையில் எழுதப்படுவது அதுதான். எல்லாத் தாய்மாருக்கும் எடுப்பதால் எவரும் சந்தேகிக்கப்படுவதாக எண்ண வேண்டியதில்லை. இந்த ஒழுங்கின் பலனாகவே, தாயிலிருந்து பிள்ளைக்குச் சிபிலிசும் எச்.ஐ.வியும் தொற்றுவதை ஒழித்த நாடென்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை ஏற்றுக்கொண்டது. ஆயினும் கிளினிக்குக்குப் பிந்திப் போகும் தாயை அது காப்பாற்றாது. முதல் மூன்று மாதத்துக்குள் போக வேண்டும்.

நாம் சொல்லத் தொடங்கிய தாய் மூன்றாம் மாதத்தில் போயிருந்தார். முடிவைக் கேட்டதும் அவருக்கு நோயைவிட வீட்டை நினைத்தே பயம் வந்தது. “அவர் என்னைத்தான் பிழையா நினைப்பார், அக்கா” என்று தாதியிடம் அழுதார். வேறு சில காரணங்களாலும் வி.டி.ஆர்.எல். பிழையாகக் காட்டுவதுண்டு, ஆகவே இரண்டாவது பரிசோதனை செய்தார்கள். அதுவும் உறுதிப்படுத்தியது. பின்பு கணவரையும் அழைத்து, தாதி முன்னிலையில் பேசினார்கள். அவர் நெடுநேரம் நிலத்தைப் பார்த்திருந்துவிட்டு, வெளியூர்க் கதையைத் தாமே சொன்னாராம். ஒருவர் மட்டும் மருந்தெடுத்தால் மற்றவரிடமிருந்து மீண்டும் தொற்றலாம் என்பதால் இருவருக்கும் பெனிசிலின் ஊசி போட்டார்கள். ஆரம்ப நிலைக்கு ஒரு முறை போதும். நாட்பட்டதற்கு வாரத்துக்கு ஒரு முறையாக மூன்று வாரம். தாய்க்குப் போடும் மருந்து வயிற்றிலுள்ள பிள்ளைக்கும் சேரும். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே சொல்ல வேண்டும்.

மூன்று ஊசியில் இரண்டு முடிந்த நேரம் அக்குடும்பம் மறுபடியும் இடம் மாற வேண்டி வந்தது. இத்தகைய வேளையில்தான் பலருடைய சிகிச்சை நின்றுபோகிறது. அந்தத் தாய் கிளினிக் அட்டையைக் காணி உறுதியுடன் ஒரே பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துப் போனார். போன ஊர் ஆஸ்பத்திரியில் அதைக் காட்டி, குறித்த நாளில் இருவரும் மூன்றாவது ஊசியைப் போட்டுக்கொண்டார்கள்.

மாசியில் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. அதன் இரத்தத்தையும் சோதித்து, நோயில்லை என்று எழுதிக் கொடுத்த துண்டும் இப்போது அந்தப் பைக்குள் இருக்கிறது.