அறத்தொடு நில்லாமையால் விளைந்த அவலம்

கல்முனைக்குத் தெற்கேயுள்ள காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்த விபுலானந்த அடிகள், செகசிற்பியாரின் நாடகங்கள் பன்னிரண்டினை ஆராய்ந்து எழுதிய 'மதங்க சூளாமணி' 1926இல் மதுரைத் தமிழ்ச் சங்க வெளியீடாக வந்தது. உரோமியோவும் யூலியத்தும் அந்நூலில் இரம்மியன், சுசீலை எனத் தமிழ்ப் பெயர் பூண்டு உலவுகின்றனர். பெயர் தமிழாயினமையின், அவர்தம் துன்பத்தையும் தமிழ் அகப்பொருள் மரபு கொண்டு நோக்குதல் பொருந்தும்.

அவ்விருவர் சாவுக்குக் காரணம் யாது? ஊழ் என்பார் பலர். குலப்பகை என்பார் சிலர். 1562இல் இக்கதையைப் பாட்டாக வடித்த ஆர்தர் புரூக்கு, பெற்றோர் சொற் கேளாமையே கேட்டுக்கு வித்தென முன்னுரையிற் பழித்தார். அவர் பாட்டிற் பல திங்கள் நிகழும் கதையைச் செகசிற்பியார் ஏறக்குறைய ஐந்து நாட்களுள் அடக்கினார். பதினாறு வயதுத் தலைவியைப் பதினான்கு நிரம்பாத சிறுமியாக்கினார். இம்மாற்றங்களால் பழி இளையோரை விட்டு முதியோரைச் சார்கின்றது.

துறவியின் ஓலை உரோமியோவைச் சென்று சேராமையே கேட்டினை விளைத்தது என்பதும் உண்டு. ஓலை கொண்டு சென்றவர் கொள்ளைநோய் ஐயத்தால் ஒரு வீட்டில் அடைபட்டது மெய்யே. ஆயின், ஓலை எழுத வேண்டிய நிலை ஏன் வந்தது? மறைவாக மணம் நிகழ்ந்தமையாலன்றோ!

தமிழ் மரபிலும் களவு உண்டு. வேற்று வரைவு நேருங்காலத்து அக்களவு மறைவில் நில்லாது. தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் உண்மையை உணர்த்துவர். இதுவே அறத்தொடு நிற்றல். கபிலர் ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவிக்கப் பாடிய குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளும் இவ்வொரு துறையின்மேலன.

யூலியத்துக்கும் வேற்று வரைவு நேர்ந்தது. இரண்டு வேனில் கழியட்டும் என்ற தந்தை, திடீரென வியாழனன்று பாரிசுக்கு மணமென்றார். பின்னர் அதனையும் புதனுக்கு முற்படுத்தினார். துறவி வகுத்த சூழ்ச்சியில் ஒரு நாள் அவகாசமும் பறிபோயிற்று. அந்நிலையில் வாய் திறத்தற்குரியவள் செவிலி. அவளோ, களவு மணத்துக்குத் தூது சென்றவளாயிருந்தும், பாரிசையே மணந்துகொள் என்றாள். செவிலியின் மகளே தோழியாதல் தமிழ் வழக்கு. இச்செவிலிக்கும் யூலியத்தை ஒத்த வயதில் சூசன் என்றொரு மகள் இருந்தாள்; குழவிப் பருவத்திலேயே இறந்தாள். செவிலி பேச்சுவாக்கிற் சொல்லிப் போகும் செய்தி இது. கற்போர் பெரும்பாலும் கருதாது கடப்பர். யூலியத்துக்குத் தோழி இல்லை.

உரோமியோ அவள் உறவினனைக் கொன்று நாடுகடத்தப்பட்ட பின் உண்மை கூறுதல் இடரன்றோ எனின், இடரே. ஆயினும், இம்மணத்தால் இரு குடியின் பகையும் தீரும் என்று நம்பியே துறவி அதனை முடித்து வைத்தார். ஒருவரும் அறியாத மணம் எவர் பகையைத் தீர்க்கும்? சொல்லியிருந்தால் அவர் பழிக்கு ஆளாயிருப்பார். சொல்லாமையால் அச்சிறுமி தனியளாய் மருந்துண்டாள்.

இறுதியில் துறவி அனைத்தையும் உரைக்கின்றார்; செவிலியும் மணத்தை அறிந்தவள் என்கின்றார். கேட்ட தந்தையர் இருவரும் கைகோக்கின்றனர். பூசலைக் கண்டும் காணாதிருந்த குற்றத்தை அரசனும் ஏற்கின்றான். அறத்தொடு நிற்றல் அங்கே நிகழத்தான் செய்கின்றது. நிகழ்ந்த இடம் இடுகாடு. கேட்க வேண்டிய இருவரும் உயிரோடில்லை.