மின்னிசையில் மூல ஒலியும் மெருகூட்டலும்: சமநிலை காண்பது எப்படி?

மடிக்கணினி, சிறிய கீபோர்டு, ஹெட்ஃபோன். இவை இருந்தால் படுக்கையறையிலேயே பாடலைத் தயாரித்துவிடலாம் என்ற நிலை வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால், ஹெட்ஃபோனில் பிரம்மாண்டமாகக் கேட்ட பாடல் நண்பரின் கைப்பேசியில் ஒலிக்கும்போது சேறும் சகதியுமாகிவிடுகிறது. குரல் புதைந்துபோகிறது. அடிநாதம் காணாமல் போகிறது. பாடல் வரிகள் புரிவதில்லை.

உடனே புதிய பிளகின் வாங்க வேண்டும் என்று பலருக்கும் தோன்றும். பெரும்பாலும் குறை கருவியில் இருப்பதில்லை. ஒலியை உருவாக்கும் வேலைக்கும் அதை மெருகூட்டும் வேலைக்கும் இடையிலான சமநிலை தவறியிருக்கும்.

இரண்டு வேலைகள்

வீணையின் தந்தியை மீட்டும்போது ஒலி பிறக்கிறது. பலா மரக் குடம் அதற்கு நிறைவைத் தருகிறது. மின்னிசையில் தந்தியின் இடத்தில் சிந்தசைசர் இருக்கிறது. குடத்தின் இடத்தில் ரிவெர்ப், டிலே, கோரஸ், டிஸ்டார்ஷன் போன்ற எஃபெக்டுகள் இருக்கின்றன. சுருதி சேராத தந்தியை எந்தக் குடமும் காப்பாற்றாது.

வழக்கமான சிந்தசைசரில் ஆசிலேட்டர் மூல அலையை உருவாக்குகிறது. ரம்பப் பல் வடிவ அலையில் எல்லா மேற்சுரங்களும் இருப்பதால் ஒலி கூர்மையாக இருக்கும். சதுர அலையில் ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டுமே உள்ளதால் சற்று உள்ளீடற்றதுபோல் கேட்கும். அதிலிருந்து வேண்டாத பகுதியை ஃபில்டர் நீக்குகிறது. ஒலி எவ்வளவு வேகமாக எழ வேண்டும், எப்படித் தேய வேண்டும் என்பதை என்வலப் முடிவு செய்கிறது.

பழைய கருவிகள் தரும் பாடம்

1983ல் வெளிவந்த யமஹா டிஎக்ஸ்7 கருவியில் எஃபெக்டுகளே இல்லை. ஒலியின் தன்மை முழுவதையும் மூலத்திலேயே அமைக்க வேண்டியிருந்தது. 1984ல் வந்த ரோலண்ட் ஜூனோ-106 வேறு பாதையில் சென்றது. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரே ஓர் ஆசிலேட்டர்தான். ஆனால், உள்ளேயே இருந்த கோரஸ் அந்த மெல்லிய ஒலியை அகலமாக்கியது. மூலம் எளிமையாக இருந்ததால் மெருகுக்கு இடம் கிடைத்தது.

1987ல் வந்த ரோலண்ட் டி-50 ரிவெர்ப், கோரஸ் இரண்டையும் உள்ளடக்கியிருந்தது. அதன்பின் கருவியோடு வரும் ஆயத்த ஒலிகள் எஃபெக்டில் ஊறியே வருவது வழக்கமாகிவிட்டது. தனியாக ஒரு சுரத்தை அழுத்திப் பார்ப்பவரைக் கவர இது உதவும். ஆனால், அத்தகைய ஐந்தாறு ஒலிகளை ஒரே பாடலில் சேர்த்தால், ஆளுக்கொரு மண்டபத்தில் நின்று வாசிப்பதுபோல் ஆகிவிடும்.

எதை எங்கே சரிசெய்வது?

ஆயத்த ஒலியைத் தேர்ந்தெடுத்ததும் முதலில் அதன் எஃபெக்டுகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கேட்பது நல்லது. வெறும் ஒலி பாடலுக்குப் பொருந்தவில்லை என்றால், வேறு ஒலியைத் தேடுவதே மேல்.

ஒலி காதைக் குத்தினால் ஃபில்டரைத் தாழ்த்த வேண்டும். ஒரு சுரம் அடுத்த சுரத்தின்மேல் வழிந்தால் என்வலப்பில் தேயும் நேரத்தைக் குறைக்க வேண்டும். மூலத்தில் உள்ள குறையை அப்படியே விட்டால், அடுத்து வரும் டிஸ்டார்ஷனும் ரிவெர்ப்பும் அதையே பெரிதாக்கிக் காட்டும்.

எஃபெக்டே சரியான தீர்வாக அமையும் இடங்களும் உண்டு. 1980ல் வந்த ரோலண்ட் டிஆர்-808 தாளக் கருவியின் கிக் ஒலி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் அடிநாதம் சுமார் 50 ஹெர்ட்ஸ். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியால் அதை எழுப்ப முடியாது. சத்தத்தைக் கூட்டினாலும் பயனில்லை. ஆனால், சிறிதளவு டிஸ்டார்ஷன் சேர்த்தால் 100, 150, 200 ஹெர்ட்ஸ் என மேற்சுரங்கள் பிறக்கும். காது அவற்றைக் கேட்டு, கீழே உள்ள அடிநாதத்தைத் தானாகவே உணர்ந்துகொள்ளும்.

எதிரொலிக்கும் அளவுண்டு

தமிழ்ப் பாடலில் சொல் விளங்க வேண்டும். ல, ள, ழ வேறுபாடு கேட்க வேண்டும். சொல்லின் தெளிவுக்கு 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி மிக முக்கியம். அகலமான சிந்தசைசர் ஒலியும் நீண்ட ரிவெர்ப்பும் அதே பகுதியை நிரப்பினால், எவ்வளவு நன்றாகப் பாடியிருந்தாலும் வரிகள் மங்கிவிடும்.

ஒவ்வொரு ஒலிக்கும் தனித்தனி ரிவெர்ப் போடுவதைவிட, ஒரே ரிவெர்ப்புக்கு எல்லாவற்றையும் தேவையான அளவில் அனுப்பினால் அனைத்தும் ஒரே இடத்தில் ஒலிப்பதுபோல் இருக்கும். ரிவெர்ப்பில் சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டால் கிக், பேஸ் ஒலிகள் கலங்காமல் இருக்கும். 20 முதல் 30 மில்லிவினாடி தாமதித்து ரிவெர்ப் தொடங்கினால் சொல் முதலில் காதில் விழும்.

டிலேயைத் தாளத்தோடு இணைக்க எளிய கணக்கு உண்டு. 60,000ஐ நிமிடத்துக்கான தட்டு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு 500 மில்லிவினாடி, அரைத் தட்டுக்கு 250.

காதை ஏமாற்றும் சத்தம்

எஃபெக்டைச் சேர்க்கும்போது பெரும்பாலும் சத்தமும் கூடுகிறது. சத்தமாக இருப்பதே நன்றாக இருப்பதாகக் காது நம்பிவிடும். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பின்னரே ஒப்பிட வேண்டும்.

ஒலியை அகலமாக்கும் சில எஃபெக்டுகள், இடமும் வலமும் ஒன்றாகச் சேரும்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எனவே பாடலை மோனோவிலும் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது அவசியம்.

கடைசியாக, ஒவ்வோர் எஃபெக்டையும் அணைத்துக் கேட்கலாம். அது இல்லாதபோது பாடல் எதையாவது இழந்தால் இருக்கட்டும். எதுவும் குறையவில்லை என்றால் அது அணைந்தே இருக்கலாம்.