புது வண்டியின் நடுக்கம்

கூட்டுறவுச் சங்கங்கள் தமக்கெனச் சரக்கு வண்டி வைத்துக்கொள்வது இன்று புதுமையன்று. நூலை ஏற்றி வரவும், நெய்த துணியைக் கொண்டு சேர்க்கவும், அறுவடைக் காலத்தில் அண்டைச் சங்கத்து மஞ்சளைச் சந்தைக்கு எடுத்துச் செல்லவும் ஒரு பிக்கப் வண்டி இருப்பின் வாடகைச் செலவு மிச்சமாகும். அங்கத்தினர்க்குக் காலத்தில் சரக்கும் கிடைக்கும். ஆனால், வண்டியை வாங்கியதுடன் நிர்வாகக் குழுவின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. வாங்கிய பொருளிற் குறையிருப்பின் அதனை முறையாகக் கண்டறிந்து, உரிய காலத்தில் எழுத்து மூலம் பரிகாரம் கேட்டுப் பெறுவதும் அப்பொறுப்பின் பாற்பட்டதே. இதற்குச் சான்றாக, பவானி ஆற்றங்கரைப் பகுதியிலுள்ள ஒரு நெசவாளர் சங்கத்தில் நாம் நேரிற் கண்டதை இங்கு எழுதுகின்றோம்.

நான்கு வவுச்சர்கள்

அச்சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தபோது, வண்டிச் செலவுத் தலைப்பின் கீழ் நான்கு வவுச்சர்கள் நம் கண்ணிற் பட்டன. சக்கரங்களுக்கு பேலன்சிங் செய்த வகையில் இருமுறை ரூ. 2,400, அலைன்மென்ட் பார்த்த வகையில் ரூ. 700, புது டயர் இரண்டு வாங்கிய வகையில் ரூ. 11,700, ஆக மொத்தம் ரூ. 14,800. வண்டி வாங்கி ஏழு மாதங்களே ஆகியிருந்தன. உத்தரவாதக் காலத்திலுள்ள புது வண்டிக்கு இத்தனை செலவு ஏன் என்று காரியதரிசியைக் கேட்டோம். அவர் பதில் கூறாமல் தீர்மானப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். டிரைவரின் கவனக் குறைவால் வண்டி பழுதடைந்ததென்றும், மேற்படித் தொகையை மாதம் ரூ. 1,480 வீதம் பத்து மாதங்களில் அவர் சம்பளத்திற் பிடிக்க வேண்டுமென்றும் அதிற் கண்டிருந்தது. இரண்டு மாதப் பிடித்தமும் முடிந்திருந்தது.

டிரைவரை அழைத்து விசாரித்தோம். இளைஞர், நெசவுக் குடும்பத்தவர். "நாப்பதுல ஒண்ணும் தெரியாதுங்க. அறுபத்தஞ்சு தாண்டினா உட்கார்ந்திருக்கற இடமே நடுங்குதுங்க. பயந்துக்கிட்டு அம்பதுலயே ஓட்டினா, கோயமுத்தூருக்கு நேரங்கழிச்சுப் போறேன்னு சொல்றாங்க" என்றார். வண்டியை விற்ற நிறுவனத்தாரோ, குறை ஒன்றுமில்லை, காலி வண்டியிற் பட்டை ஸ்பிரிங் அவ்வாறுதான் குலுங்கும், சாலையும் ஒரு காரணம் என்று இருமுறை சொல்லி அனுப்பிவிட்டனராம். வண்டியிற் குறையில்லையெனில் குறை ஓட்டியவனுடையதே என்று குழுவினர் முடிவு செய்துவிட்டனர்.

இங்கு நம் பிழையையும் மறைத்தற்கில்லை. முந்தைய பார்வையின்போது முதல் பேலன்சிங் வவுச்சர் நம் கைவழியே சென்றது. நாம் கேள்வியின்றி விட்டிருந்தோம்.

நடுக்கம் தானே பேசும்

நெசவாளர்க்கு இம்முறை புதிதன்று. துணியின் நீளவாக்கில் ஒரே கோடாகக் குறை ஓடினால், குற்றம் பாவிலோ, விழுதிலோ, அச்சின் பல்லிலோ உள்ளதென்று அறிவர். குறுக்குவாக்கிற் பட்டையாக விழுந்தால் ஊடையைச் சோதிப்பர். குறை விழும் திசையே அதன் பிறப்பிடத்தைக் காட்டிவிடுகிறது. வண்டியின் நடுக்கமும் அத்தகையதே. எந்த வேகத்தில் தொடங்குகிறது, எங்கே உணரப்படுகிறது, ஒரு விநாடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்னும் மூன்றினையும் கேட்டால், அது தன் ஊரைத் தானே சொல்லிவிடும்.

பொதுவாக, ஸ்டியரிங் சக்கரம் கையில் நடுங்கினால் குறை முன்பக்கத்தில் இருக்கும். இருக்கையும் தரையும் நடுங்கினால் பின்பக்கத்தில் இருக்கும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் தட்டையோ டிரம்மையோ பார்க்க வேண்டும். வண்டி நிற்கும்போதே என்ஜினை முடுக்கினால் நடுங்குமாயின், சக்கரங்களைத் தொட வேண்டியதேயில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில், காரியதரிசி, டிரைவர், உள்ளூர்ப் பட்டறையைச் சேர்ந்த முதிய மெக்கானிக் ஒருவர் ஆகியோருடன், பெருந்துறையிலிருந்து அவிநாசி நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையிற் புறப்பட்டோம். கிளம்புமுன் நான்கு டயர்களிலும் காற்றழுத்தத்தைச் சரிபார்த்தோம். நெடுநாள் ஒரே இடத்தில் நின்ற வண்டியின் டயர்கள் தரை தொட்ட பக்கத்தில் தட்டையாகி நடுக்கம் தருவதுண்டு. ஓடிச் சூடேறினால் அது பெரும்பாலும் நீங்கும். ஆகவே முதல் இருபது கிலோமீட்டரைக் கணக்கிற் சேர்க்கவில்லை. அதன் பின்னும் நடுக்கம் நின்றபாடில்லை. டிரைவர் சொன்ன அதே 65 கிலோமீட்டரில் தொடங்கி, 72-இல் மிகுந்தது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 80-க்கு மேல் விடாதாகையால் அதற்கப்பாற் சோதிக்க வழியில்லை. ஸ்டியரிங் அமைதியாக இருந்தது, இருக்கை நடுங்கியது.

முதலில் வண்டியை ஓரமாக நிறுத்தி என்ஜினை மட்டும் முடுக்கிப் பார்த்தோம், நடுக்கமில்லை. அடுத்து, மேல் கியரில் 72 கிலோமீட்டர் வேகத்திற் சென்று, வேகத்தை மாற்றாமல் ஒரு கியர் குறைத்தோம். என்ஜினின் சுழற்சி கூடியது. நடுக்கமோ சிறிதும் மாறவில்லை. என்ஜின், அதன் தாங்கிகள், கிளட்ச் ஆகிய மூன்றும் குற்றப் பட்டியலிலிருந்து நீங்கின.

இருக்கையின் இரும்புச் சட்டத்தில் கைப்பேசியை இறுகக் கட்டி, அதிர்வை அளக்கும் செயலியைக் கொண்டு துடிப்பை எண்ணினோம். விநாடிக்கு 9 என்று காட்டியது. இனிக் கணக்குப் பார்க்கலாம். மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 20 மீட்டர். டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர். இருபதை அதனால் வகுத்தால் சக்கரம் விநாடிக்கு 9 முறை சுழல்கிறது. என்ஜினிலிருந்து பின் ஆக்சிலுக்கு விசை கொண்டு செல்லும் புரொப்பெல்லர் ஷாப்டோ, இத்தகைய வண்டிகளிற் சக்கரத்தைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகச் சுழலும். குற்றம் அதனுடையதாயின் துடிப்பு 36-ஐ ஒட்டி இருந்திருக்கும். அதுவும் நீங்கியது. எஞ்சியது, சக்கரத்தின் வேகத்திற் சுழலும் பின்பக்க உறுப்பு ஏதோ ஒன்று.

இரண்டு மெய்கள்

சக்கரங்களையே குழுவினர் முன்பே சந்தேகித்தனர். இருமுறை பேலன்சிங் செய்து, இரண்டு டயர்களும் மாற்றினர். இயந்திரம் சக்கரங்கள் சரியென்றது. டிரைவர் வண்டி நடுங்குகிறதென்றார். இருவரில் ஒருவர் பொய்யர் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இருவருமே மெய் சொல்லியிருக்கக் கூடும் என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

மறுநாட் காலை, பின் சக்கரங்களை முன்னும், முன் சக்கரங்களைப் பின்னுமாக மாற்றிப் பூட்டி மீண்டும் ஓட்டினோம். குறை சக்கரத்தில் இருந்தால் அது சக்கரத்துடன் முன்பக்கம் வந்து ஸ்டியரிங்கை நடுக்கியிருக்க வேண்டும். அது வரவில்லை. இருக்கையே முன்போல் நடுங்கியது. ஆகவே டயரும் ரிம்மும் குற்றமற்றவை. சக்கரம் எதன்மேல் அமர்கிறதோ, குற்றம் அங்கேயுள்ளது.

பட்டறையில் பின்பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தி, ஆக்சிலின் கீழ் உறுதியான தாங்கிகளை வைத்தபின், ரிம்மின் விளிம்பில் டயல் கேஜின் முள்ளைத் தொடவிட்டுச் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றினார் மெக்கானிக். இடப்பக்கம் முள் அரை மில்லிமீட்டர்கூட அசையவில்லை. வலப்பக்கம் இரண்டு மில்லிமீட்டர் அசைந்தது. வலப்பக்கம் வேறு சக்கரத்தை மாட்டினாலும் அதே இரண்டு. பின்னர்ச் சக்கரத்தையும் டிரம்மையும் கழற்றி, ஆக்சில் ஷாப்டின் நுனியிற் சக்கரம் அமரும் முகப்பில் முள்ளை வைத்தார். அங்கும் அதே ஆட்டம். அம்முகப்பு ஷாப்டின் மையத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தது.

ஒரு மில்லிமீட்டர்தானே என்று நாமும் முதலில் எண்ணினோம். ஆனால் 25 கிலோ எடையுள்ள சக்கரம் மையத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் விலகிச் சுழல்வது, ரிம்மின் விளிம்பில் 130 கிராம் எடைத்துண்டை ஒட்டிவிட்டதற்கு ஒப்பாகும். 72 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறத்தாழ 8 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் விநாடிக்கு ஒன்பது முறை ஆக்சிலை உதைக்கிறது. வேகம் பாதியானால் விசை காற்பங்காகி 2 கிலோவாகக் குறைகிறது. நாற்பதில் ஒன்றும் தெரியாது என்று டிரைவர் சொன்னதன் உண்மை இதுவே. ராட்டையின் கதிர் சற்றே வளைந்திருந்தால் மெல்லச் சுற்றும்போது தெரியாமல், விரைந்து சுற்றும்போது துள்ளுவதும், கிணற்றடி மோட்டாரும் பம்பும் நேர்கோட்டில் இல்லாவிடில் அதிர்ந்து பேரிங்கைத் தின்பதும் நாம் நாளும் காண்பவையே.

பேலன்சிங் இயந்திரம் இதனை ஏன் காணவில்லை? அது சக்கரத்தை வண்டியிலிருந்து கழற்றித் தன் சொந்த அச்சில் வைத்துச் சுழற்றுகிறது. அந்த அச்சு நேரானது. ஆகவே சக்கரம் சரியென்றது. வண்டியின் ஷாப்டைப் பற்றி அதனிடம் எவரும் கேட்கவில்லை. கேட்ட கேள்விக்கே எந்தச் சோதனையும் விடை சொல்லும்.

முடிவு

குழியில் மோதியதால் வளைந்ததென்று நிறுவனத்தார் கூறக்கூடும் என்பதையும் எதிர்பார்த்தோம். அவ்வாறு மோதியிருப்பின் பெரும்பாலும் ரிம்மே முதலில் வளையும். நான்கு ரிம்களும் நேராக இருந்தன. சோதனை நடந்த நாள், வேகம், கியர், துடிப்பின் எண்ணிக்கை, டயல் கேஜின் அளவு ஆகிய அனைத்தையும் ஒரே தாளில் வரிசையாக எழுதி, காரியதரிசி ஒப்பமிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினார். பத்து நாட்களில் நிறுவனத்தாரின் பொறியாளர் நேரில் வந்து தம் கருவியால் அளந்து பார்த்தார்; அளவு ஒத்திருந்தது. ஆக்சில் ஷாப்ட் உத்தரவாதத்தின் கீழ் இலவசமாக மாற்றித் தரப்பட்டது. அன்று மாலையே அதே சாலையில் 72 கிலோமீட்டரில் ஓட்டினோம். இருக்கையில் வைத்த தண்ணீர்ப் பாட்டிலில் நீர் அலையாமல் நின்றது.

செலவழிந்த ரூ. 14,800 திரும்பவில்லை. குறையைக் கண்டறியுமுன் தாமாகச் செய்த செலவை நிறுவனத்தார் ஏற்க மறுத்தனர். அதனை மறுத்துரைக்க நம்மிடம் வழியில்லை. கழற்றிய பழைய டயர்கள் நல்ல நிலையில் இருந்தமையால் அவற்றை இருப்புப் பதிவேட்டில் ஏற்றி வைக்கச் செய்தோம். அடுத்த குழுக் கூட்டத்தில் பிடித்தத் தீர்மானம் ரத்துச் செய்யப்பட்டு, பிடித்த ரூ. 2,960 டிரைவரிடம் திருப்பித் தரப்பட்டது. அதைக் கொடுக்கும்போது காரியதரிசி, "நீ சொன்னது நெசம் தம்பி, நாங்கதான் காது குடுத்துக் கேக்கலை" என்றார். டிரைவர் ஒன்றும் சொல்லாமல் கையொப்பமிட்டு வாங்கிக்கொண்டார்.

சங்கங்கள் கைக்கொள்ளத் தக்கவை

வண்டியுள்ள சங்கங்கள் பின்வருவனவற்றைக் கருத்திற் கொள்வது நலம்.

1. டிரைவர் கூறும் குறையை அன்றே வண்டிப் பதிவேட்டில், வேகமும் இடமும் குறித்து எழுதுக. வாய்ச்சொல் உத்தரவாதத்திற்கு உதவாது.

2. உத்தரவாதக் காலத்தில் முதலில் கடிதம் எழுதுக. பிறகே பணம் செலவிடுக.

3. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக. டயரையும் மாற்றி அலைன்மென்டும் பார்த்தால், நடுக்கம் நின்றாலும் எதனால் நின்றதென்று தெரியாது.

4. சக்கரம் கழற்றிப் பூட்டும்போது, அமரும் முகப்பில் துருவோ மண்ணோ இல்லாமல் துடைத்து, நட்டுகளை எதிரெதிராக முறையே இறுக்குக. முகப்பிற் படிந்த துருவும் இதே நடுக்கத்தைத் தரவல்லது.

5. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழ் எவரையும் செல்லவிடற்க.

பேரேட்டிற் பத்து ரூபாய் வித்தியாசம் வந்தால், நாம் குமாஸ்தாவின்மேற் பழி சுமத்தித் தொகையைச் சரிக்கட்டுவதில்லை. வரிவரியாகச் சென்று பிழை எந்தப் பதிவில் உள்ளதென்று தேடுகிறோம். கணக்கிற்குக் காட்டும் அப்பொறுமையைச் சங்கத்தின் ஊழியருக்கும் காட்டுவோமாக.