மாநகராட்சியும் வேலையில்லாத் திண்டாட்டமும்

வேலையில்லாத் திண்டாட்டம் என்றவுடன் நம் கண் தில்லியை நோக்கும். இல்லையேல் விதான சௌதாவை நோக்கும். தெருவிளக்கு எரியாதபோதும் சாக்கடை அடைத்துக்கொண்டபோதும்தான் மாநகராட்சி என ஒன்று இருப்பது நினைவுக்கு வரும். இளைஞருக்கு வேலை கிடைக்கச் செய்வதில் நகர நிர்வாகத்துக்குப் பங்கு உண்டா, அதன் அதிகாரம் எவ்வளவு என்னும் பேச்சு நம் விடுதி அறைகளில் எழுவதே இல்லை. நான் குடியிருக்கும் ஜோகுபாளையத்தில் அப்பேச்சு நாள்தோறும் எழுகிறது. 1809இல் ஆங்கிலேயர் பெங்களூரில் தண்டு அமைத்தது முதல் தமிழர் வந்து குடியேறிய அல்சூர் வட்டாரத்தைச் சேர்ந்தது அது. மாலையில் தேநீர்க் கடையில் நிற்கும் வாலிபர்களுள் சிலர் பட்டமோ டிப்ளமோவோ பெற்று வேலைக்குக் காத்திருப்பவர்கள். சிலர் பெரிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக உணவு கொண்டு கொடுப்பவர்கள். இரண்டும் ஒருவரே என்பதும் உண்டு. இவர்களுக்கு நகரம் என்ன செய்கிறது, என்ன செய்யக்கூடும் என்பதை இங்கு பார்ப்போம்.

முதலில் சட்டம். 1993 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 துறைகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் எண்ணிக் காட்டுகிறது. குடிநீர், சாலை, தெருவிளக்கு, சுடுகாடு, ஆடுமாடு அறுக்கும் கூடம் வரை அதில் உண்டு. வேலைவாய்ப்பு என்று தனியே ஒரு துறை இல்லை. ‘நகர்ப்புற வறுமை ஒழிப்பு’, ‘பொருளாதார, சமூக வளர்ச்சிக்குத் திட்டமிடல்’ என்ற இரு தலைப்புகள் வழியாகத்தான் அது உள்ளே நுழைய வேண்டும். அவற்றையும் எந்த அளவுக்குக் கொடுப்பது என்பது மாநிலச் சட்டசபையின் விருப்பம். ஆதலால், வேலை கேட்டு வருபவனிடம் ‘அது எங்கள் துறை அன்று’ என்று சொல்லிவிட அதிகாரிக்கு வசதியாக இருக்கிறது. அந்த விடை பாதிதான் சரி.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கிவிடுவது நல்லது. நம் மாணவர் பலர் ‘யுவநிதி’யை மாநகராட்சி கொடுப்பதாகவே எண்ணுகின்றனர். அது கர்நாடக மாநில அரசாங்கத்தின் திட்டம். 2023 டிசம்பரில் பதிவு தொடங்கி, 2024 ஜனவரி 12ஆம் நாள் சிவமொக்காவில் முதல் தவணை வழங்கப்பட்டது. தேர்ச்சி பெற்று 180 நாள் ஆகியும் வேலை கிடைக்காத பட்டதாரிக்கு மாதம் 3,000 ரூபாயும், டிப்ளமோ பெற்றவருக்கு 1,500 ரூபாயும், இரண்டாண்டுக்கு மேற்படாமல் கிடைக்கும். வேலை கிடைத்துவிட்டால் நின்றுவிடும். மேற்படிப்பில் சேர்ந்தவருக்கு இல்லை. அன்றியும், கர்நாடகத்தில் ஆறாண்டேனும் படித்திருக்க வேண்டும். எனவே என்னைப் போலத் தமிழ்நாட்டில் பட்டம் பெற்று இங்கு வந்தவர்கள் விண்ணப்பம் எழுதிக் காலத்தை வீணாக்க வேண்டா. ஜோகுபாளையத்திலேயே பிறந்து படித்த தம்பி தங்கைகளுக்கு அது உரியது. அவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம். ஆயினும் அது உதவித்தொகை, வேலை அன்று.

இனி மாநகராட்சியின் கைக்கு வருவோம். பயிற்சித் திட்டங்களை விரைவாகவே கடந்து விடலாம். 1989இல் நேரு ரோஜ்கார் யோஜனா, 1997இல் ஸ்வர்ண ஜயந்தி ஷஹரி ரோஜ்கார் யோஜனா, 2013இல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் என்று மத்திய அரசாங்கத்தின் திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கடைசியாகச் சொன்னது 2024 செப்டம்பரோடு முடிந்தது. பெயர்கள் மாறின, தையலும் கணிப்பொறித் தட்டச்சும் மாறவில்லை. ஆளை எடுப்பவர் யார் என்று அறியாமல் ஆளைப் பழக்கி அனுப்புவதால் என்ன பயன்? சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. என் கருத்து கடுமையாக இருக்கலாம். மாற்றுக் கருத்து உடையவர் அடுத்த இதழில் எழுதுக.

பயிற்சியைவிட ஒதுக்கீடு கவனிக்கத்தக்கது. கர்நாடக நகராட்சிகளின் நிதியில் நூற்றுக்கு 24.10 பங்கு பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நலனுக்கும், 7.25 பங்கு பிற நலிந்த பிரிவினருக்கும், 5 பங்கு மாற்றுத்திறனாளிகளுக்கும் செலவிடப்பட வேண்டும் என்பது விதி. பெங்களூரு மாநகராட்சி இதிலிருந்து தையல் இயந்திரம், மடிக்கணினி, மின்சார இருசக்கர வண்டி முதலியவற்றை வழங்கியிருக்கிறது. தொழிலுக்குக் கருவி கிடைப்பது நன்றே. யாருக்குக் கிடைக்கிறது என்பது வட்டார அலுவலகத்தை அறிந்தவரைப் பொறுத்திருப்பதுதான் குறை.

உண்மையில் மாநகராட்சியிடம் உள்ள பெரிய கருவி அதன் சொந்த வேலையே ஆகும். குப்பை பெருக்க, மரம் வெட்ட, ஏரி காக்க, பள்ளி நடத்த அதற்கு ஆள் வேண்டும். அந்த ஆளை எப்படி வைத்துக்கொள்கிறது என்பதே ஒரு வேலைக் கொள்கை. பெங்களூரில் பௌரகார்மிகர் என்று அழைக்கப்படும் துப்புரவுத் தொழிலாளர் நெடுங்காலம் ஒப்பந்தக்காரரின் கீழ் இருந்தனர். அவர்களில் தெலுங்கரும் தமிழரும் பலர், பெரும்பாலோர் பெண்கள். சம்பளம் தவறும், சேமநிதி என்பது பேச்சளவில் நிற்கும். 2017இல் ஒப்பந்தக்காரரை விலக்கி மாநகராட்சியே நேரே சம்பளம் கொடுக்கும் முறை வந்தது. 2022 ஜூலையில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 2025 மே முதல் நாளன்று 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு நிரந்தர வேலைக்கான ஆணை வழங்கப்பட்டது. புதிதாக ஒரு வேலைகூட உண்டாகவில்லை என்று நம் பொருளாதார மாணவர் ஒருவர் என்னோடு வாதாடினார். இருந்த வேலை மனிதர் செய்யத்தக்க வேலையாக மாறியதே! தாய்க்கு மாதந்தோறும் தவறாமல் சம்பளம் வந்தால் மகன் பி.யு.சி.யோடு படிப்பை நிறுத்த வேண்டியதில்லை. இளைஞர் வேலைவாய்ப்பு என்பதில் இதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இரண்டாவது கருவி தெரு. 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டத்தின்படி, ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் கணக்கெடுத்து ஒவ்வொருவருக்கும் வியாபாரச் சான்றிதழ் வழங்க வேண்டும். அதுவரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. நகர வியாபாரக் குழுவில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும். மக்கள்தொகையில் நூற்றுக்கு இரண்டரை வரை வியாபாரிகளுக்கு இடமளிக்கலாம் என்பது அளவு. ஒரு சிறு கணக்கு போடுவோம். 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி மாநகராட்சி எல்லைக்குள் சுமார் 84 லட்சம் பேர். அதில் இரண்டரை சதவிகிதம் இரண்டு லட்சத்துக்கு மேல் வரும். 2017இல் எடுத்த கணக்கெடுப்பில் பதிவானோர் ஏறக்குறைய 25 ஆயிரம் பேர்தான். மீதி இடம் எவருடையது? படித்த வாலிபன் தள்ளுவண்டி போடுவானா என்று சிரிக்க வேண்டா. கைப்பேசி பழுது பார்ப்பவனும் இட்லிக் கடை வைப்பவனும் நம் தெருவில் பட்டதாரிகளாகவே இருக்கின்றனர். அவர்கள் அஞ்சுவது நட்டத்துக்கு அன்று, வண்டியைத் தூக்கிச் செல்லும் லாரிக்கு. சான்றிதழ் இருந்தால் 2020இல் தொடங்கிய ஸ்வநிதித் திட்டத்தில் வங்கிக் கடன் கேட்கவும் வழி உண்டு.

நகரமே வாலிபருக்கு நேராக வேலை கொடுத்தால் என்ன ஆகும்? இதை அளந்து பார்த்த ஊர் நியூயார்க். அங்கு நகர நிர்வாகம் கோடை விடுமுறையில் சில வாரங்களுக்கு இளைஞரைச் சம்பளத்துக்கு அமர்த்துகிறது. விண்ணப்பிப்போர் மிகுதி, ஆதலால் குலுக்கல் முறையில் தேர்வு. விஞ்ஞான மாணவராகிய நமக்கு இது சோதனைச் சாலைக்கு ஒப்பானது: குலுக்கலில் வென்றவரும் தோற்றவரும் மற்ற எல்லாவற்றிலும் ஒத்தவர். கெல்பர், ஐசன், கெஸ்லர் என்ற மூவர் 2005 முதல் 2008 வரையிலான ஏறத்தாழ மூன்று லட்சம் விண்ணப்பங்களை ஆராய்ந்து 2016இல் முடிவை வெளியிட்டனர். பிற்காலச் சம்பளம் உயரவில்லை; கல்லூரி சேர்வதும் கூடவில்லை. ஆனால் வேலை பெற்றவருள் சிறை சென்றோரும் இளமையில் மாண்டோரும் குறைந்தனர். சிகாகோவில் 2012இல் 1,634 பேரிடம் நடந்த இத்தகைய சோதனையில், வேலை கிடைத்தவர் 16 மாதங்களில் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதானது நூற்றுக்கு 43 அளவு குறைந்தது. கோடை வேலை உத்தியோக ஏணி அன்று. உயிரைக் காக்கும் வேலி. இந்த வேறுபாட்டை அறியாமல் திட்டம் போடுபவர் இரண்டையும் இழப்பர்.

நம் நாட்டிலும் முயற்சிகள் உண்டு. கேரளம் 2010இல் அய்யன்காளி பெயரால் நகர்ப்புறக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 100 நாள் வேலை தரும் திட்டத்தை நகராட்சிகளின் வழியே தொடங்கியது. அது உடலுழைப்புக்கானது, டிப்ளமோ பெற்றவனுக்கு அதில் இடமில்லை. உணவு கொண்டு கொடுப்போர் சற்றே உட்கார்ந்து எழச் சென்னை மாநகராட்சி 2025இல் அண்ணாநகரில் குளிரூட்டிய ஓய்வறை அமைத்தது. சிறிய காரியந்தான். மழையில் நனைந்தபடி கடைவாசலில் நிற்பவனைக் கேட்டால் சிறியது என்று சொல்லமாட்டான்.

பெங்களூரில் இவற்றையெல்லாம் கேட்க வேண்டிய இடம் எது? பி.பி.எம்.பி. மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் ஐந்தாண்டு தேர்தலே இல்லை, அதிகாரிகளே நிர்வகித்தனர். 2025 செப்டம்பரில் அது ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. ஜோகுபாளையம் பெங்களூரு மத்திய மாநகராட்சியைச் சேர்ந்தது. கவுன்சிலர் இல்லாத காலத்தில் ஓர் இளைஞன் விண்ணப்பத்தோடு எந்தப் படியில் ஏறுவான்?

நம் சங்கம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கேட்டால் சிலருக்கு வியப்பாக இருக்கும். மாநிலப் பணித் தேர்வுகளில் கட்டாயக் கன்னடத் தாள் ஒன்று இருக்கிறது. ஜோகுபாளையத்துப் பிள்ளைகள் கன்னடம் சரளமாகப் பேசுவர். எழுதச் சொன்னால் சிலர் தயங்குவர். தமிழ்ச் சங்கம் கன்னட வகுப்பு நடத்துவதா என்று கேட்பவர் கேட்கட்டும். நம்முள் இங்கேயே படித்து வளர்ந்தவர் நால்வர் முன்வந்தால், வாரம் இரு மாலை போதும். அதே இடத்தில் வியாபாரச் சான்றிதழ் விண்ணப்பமும் யுவநிதி விண்ணப்பமும் நிரப்பிக் கொடுக்கலாம். விருப்பமுள்ளோர் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும்.