புதிருக்கு விடை சொன்னால் மாதம் ரூ.1,000!

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல வாய்ப்பு

ஆம்பூர் பக்கத்தில் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை நேரம். ஷூ கம்பெனி வண்டி வந்து நிற்கிறது. பெண்கள் சாப்பாட்டுப் பையுடன் ஏறுகிறார்கள்.

பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட ஒரு சிறுமி அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவள் படிப்பது எட்டாம் வகுப்பு.

"என்னடி பார்க்கிறாய்? நாலைந்து வருஷம் போனால் நீயும் இந்த வண்டிக்குத்தானே வரப்போகிறாய்!" என்கிறாள் பக்கத்து வீட்டு அக்காள்.

சிறுமி பதில் சொல்லவில்லை. அவளுக்குப் படிக்க ஆசை. ஆனால், வீட்டு நிலைமை அவளுக்குத் தெரியும்.

வேலைக்குப் போவது குறைவான காரியம் அல்ல. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் எத்தனையோ குடும்பங்களுக்குத் தோல் தொழில்தான் சோறு போடுகிறது. ஆனால், படிக்க ஆசைப்படும் பிள்ளை பணம் இல்லை என்பதற்காகப் படிப்பை விடலாமா?

விட வேண்டியதில்லை. அதற்கு ஒரு தேர்வு இருக்கிறது.

4 ஆண்டுக்கு ரூ.48,000

"தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு" என்பது அதன் பெயர். பெயர் நீளம். பள்ளிக்கூடங்களில் சுருக்கமாக "என்.எம்.எம்.எஸ்." என்று சொல்லுவார்கள்.

இது மத்திய அரசின் திட்டம். 2008-ம் ஆண்டில் தொடங்கியது. அப்போது மாதம் ரூ.500 கொடுத்தார்கள். 2017-ல் அதை ரூ.1,000 ஆக உயர்த்தினார்கள்.

எட்டாம் வகுப்பில் இந்தத் தேர்வை எழுதித் தேர்ந்தெடுக்கப்பட்டால், ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உதவித்தொகை கிடைக்கும். ஆண்டுக்கு ரூ.12,000. நான்கு ஆண்டுக்கு ரூ.48,000!

இந்தியா முழுவதும் ஆண்டுதோறும் 1 லட்சம் பிள்ளைகளுக்கு இந்த உதவி உண்டு. அதில் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கப்பட்ட இடம் 6,695.

யார் எழுதலாம்?

அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, நகராட்சி போன்ற உள்ளாட்சிப் பள்ளி ஆகியவற்றில் படிக்கும் பிள்ளைகள் எழுதலாம். தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது கிடையாது.

பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.3½ லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் 55 சதவீத மார்க் வாங்கியிருக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதம் போதும்.

தேர்வு இரண்டு பகுதியாக நடக்கும். ஒவ்வொன்றிலும் 90 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 90 நிமிஷம்.

ஒரு பகுதி பாடத்தில் இருந்து வரும். கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஆகியவற்றில் கேள்வி கேட்பார்கள். இதற்குப் பிள்ளைகள் பயப்படுவதில்லை.

மற்றொரு பகுதிதான் பயமுறுத்துகிறது. அதன் பெயர் "மனத்திறன் தேர்வு". அதில் இருப்பது எல்லாம் புதிர்! எந்தப் பாடப் புத்தகத்திலும் அதற்கு விடை இருக்காது.

"அது மூளைக்காரப் பிள்ளைகளுக்கு. நம் பிள்ளைக்கு வருமா?" என்று பெற்றோர் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள்.

வரும். நிச்சயமாக வரும்! ஏன் என்று பார்ப்போம்.

முதல் தேர்வு எதற்காக?

இப்படிப்பட்ட அறிவுத் தேர்வை முதலில் உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ஆல்பிரட் பினே. பிரான்சு நாட்டுக்காரர். 1905-ம் ஆண்டில், சைமன் என்பவருடன் சேர்ந்து அந்தத் தேர்வை அமைத்தார்.

கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுப்பதற்காக அவர் அதைச் செய்யவில்லை. பள்ளியில் பின்தங்கும் பிள்ளை யார், அந்தப் பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்று கண்டுபிடிக்கவே செய்தார்.

"அறிவு பிறவியிலேயே அமைந்துவிட்டது, அதை மாற்ற முடியாது" என்ற பேச்சு அவருக்குப் பிடிக்காது. பயிற்சி கொடுத்தால் அறிவு வளரும் என்பது அவர் கொள்கை.

முதல் உலகப்போரில் அமெரிக்கா 1917-ல் இறங்கியது. பட்டாளத்தில் சேர வந்த லட்சக்கணக்கான பேருக்கு அறிவுத் தேர்வு வைத்தார்கள். அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களுக்கு என்று படங்களை வைத்தே தனித் தேர்வு நடத்தினார்கள்.

படிப்பு வேறு, யோசனை வேறு. எழுத்துத் தெரியாதவருக்கும் யோசிக்கத் தெரியும் அல்லவா?

அம்மாவுக்குத் தெரிந்த புதிர்

ஷூ கம்பெனியில் வேலை செய்யும் தாய் ஐந்தாம் வகுப்போடு நின்றவளாக இருக்கலாம். ஆனால், மனத்திறன் தேர்வில் வரும் கேள்வியை அவள் தினமும் கையால் போட்டுக்கொண்டு இருக்கிறாள். அது அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான்!

கண்ணாடியில் ஓர் உருவம் எப்படித் தெரியும் என்பது ஒருவகைக் கேள்வி. இடது கால் ஷூவைக் கண்ணாடி முன் வைத்தால் என்ன தெரியும்? வலது கால் ஷூ! தோல் வெட்டும் இடத்தில், ஒரே அச்சைப் புரட்டிப் போட்டு இரண்டு காலுக்கும் வெட்டுவது உண்டு. அச்சைப் புரட்டினால் இடது, வலது ஆகும். இதுதான் கண்ணாடிக் கேள்வி.

அதையே கடிகாரத்தில் கேட்பார்கள். கண்ணாடியில் மணி 8 என்று தெரிகிறது. உண்மையில் மணி என்ன?

12-ல் இருந்து 8-ஐக் கழியுங்கள். மணி 4.

வரிசைப்படுத்துவது இன்னொரு வகை. இதோ ஒரு கேள்வி:

(1) சாயம் ஏற்றுதல், (2) தோலைத் தண்ணீரில் ஊறவைத்தல், (3) ஷூ தைத்தல், (4) பதனிடுதல், (5) சுண்ணாம்பு போட்டு மயிர் நீக்குதல். இவற்றை முறைப்படி வரிசையாக வைக்கவும்.

ராணிப்பேட்டையிலும் வாணியம்பாடியிலும் உள்ள அப்பாவைக் கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார்: 2, 5, 4, 1, 3!

பொருந்தாததைக் கண்டுபிடிப்பது மற்றொரு வகை. ஆடு, மாடு, எருமை, கோழி. இதில் சேராதது எது?

கோழி. மற்ற மூன்றுக்கும் கால் நான்கு. "மற்ற மூன்றின் தோலும் பதனிட வரும்" என்று சொன்னாலும் சரிதான். காரணம் சொல்லத் தெரிய வேண்டும். அதுதான் முக்கியம்.

ஏமாற்றும் கேள்வி

சில கேள்விகள் ஆளை ஏமாற்றும். இதைப் பாருங்கள்:

"பருத்திக்கு வேட்டி, தோலுக்கு என்ன? ஆடு, ஊசி, செருப்பு, சாயம்."

அவசரக்காரப் பிள்ளை "ஆடு" என்று எழுதிவிடும். தோலுக்கும் ஆட்டுக்கும் சம்பந்தம் இருக்கிறதே! ஆனால், கேட்டது அது அல்ல. பருத்தியில் இருந்து வேட்டி வருகிறது. அப்படியானால், தோலில் இருந்து வருவது எது? செருப்பு.

முதல் இரண்டுக்கும் உள்ள உறவை ஒரு வாக்கியமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். பிறகு அதே வாக்கியத்தில் மூன்றாவது சொல்லைப் போட வேண்டும். தப்பு வராது.

இன்னொன்று:

"எல்லா ஷூவும் தோலால் ஆனவை என்று வைத்துக்கொள். இந்தப் பை தோலால் ஆனது. ஆகவே இந்தப் பை ஒரு ஷூ. சரியா?"

சிரிப்பு வருகிறது அல்லவா? ஷூ எல்லாம் தோல் என்றால், தோல் எல்லாம் ஷூ ஆகிவிடுமா? இதையே தெரியாத பொருளை வைத்துக் கேட்டால், படித்தவர்களே தடுமாறுவார்கள். அப்போது இந்தப் பையை நினைத்துக்கொண்டால் போதும்.

உறவு முறை நமக்குப் பழக்கம்

ஒரு சிறுமியைக் காட்டி முருகன் சொன்னான்: "இவளுடைய அம்மா, என் அம்மாவுக்கு ஒரே மகள்." சிறுமிக்கு முருகன் என்ன உறவு?

முருகனின் அம்மாவுக்கு ஒரே மகள் என்றால், அவள் முருகனுக்கு அக்காள் அல்லது தங்கை. அவளுடைய மகள்தான் இந்தச் சிறுமி. ஆகவே, முருகன் அவளுக்குத் தாய்மாமன்.

இந்தக் கேள்வியில் தமிழ்ப் பிள்ளைக்கு வசதி அதிகம். சித்தப்பா, பெரியப்பா, மாமா ஆகிய எல்லோருக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் "அங்கிள்". நம் வீட்டில் ஒவ்வோர் உறவுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. கல்யாண வீட்டில் உட்கார வைத்து, "அவர் உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டாலே பாதிப் பயிற்சி முடிந்தது!

எழுத்துக்குப் பதிலாக எண் போடுவதும் உண்டு. "பல்" என்பதை 35 என்றும், "கல்" என்பதை 85 என்றும் எழுதினால், "பகல்" என்பதை எப்படி எழுதுவது?

இரண்டிலும் இருப்பது "ல்". இரண்டிலும் இருக்கும் எண் 5. ஆகவே ப=3, க=8, ல்=5. பகல் என்பது 385.

நம் முன்னோருக்கும் இது விளையாட்டுத்தான். பலாப்பழத்தை அறுக்காமலே சுளை எத்தனை என்று கணக்கிட வழி சொல்லும் நூல், காரிநாயனார் எழுதிய "கணக்கதிகாரம்". பாட்டி போடும் விடுகதையும் இந்த இனம்தான்.

எப்படிப் பழகுவது?

பழகும் முறை எளிது.

ஒன்று: தினமும் அரை மணி நேரம் போதும். தேர்வுக்கு முந்தின வாரம் இரவு பகலாகப் போட்டால் பயன் இல்லை.

இரண்டு: பழைய கேள்வித்தாள்களைப் பள்ளி ஆசிரியரிடம் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்று: தப்பாகப் போன கணக்கைத் தனி நோட்டில் எழுதி வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதை மட்டும் திரும்பப் போட வேண்டும்.

நான்கு: 90 கேள்விக்கு 90 நிமிஷம். அதாவது ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம். ஒரு கேள்வி மடக்கினால், அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். நேரம் இருந்தால் திரும்பி வரலாம். இதையும் வீட்டில் கடிகாரம் வைத்துப் பழக வேண்டும்.

ஐந்து: இது பெற்றோருக்கு. உங்களுக்கு விடை தெரிய வேண்டும் என்பது இல்லை. வேலை முடிந்து வந்து சமைக்கும்போது, பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு கேள்வி படிக்கச் சொல்லுங்கள். விடை சொன்னதும், "ஏன்?" என்று கேளுங்கள். அந்த ஒரு சொல் போதும். காரணம் சொல்லிப் பழகிய பிள்ளை தேர்வில் தடுமாறாது.

பிறகும் உதவும்

இந்தப் பயிற்சி எட்டாம் வகுப்போடு போய்விடாது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப்-4 தேர்வில் கேள்வி 200. அதில் 25 கேள்வி இந்த இனம். அந்தத் தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். பாங்கி வேலைத் தேர்விலும் இந்தப் புதிர்கள் வரும்.

உதவித்தொகை கிடைத்த பிறகும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் வாங்கினால்தான் மேல்நிலை வகுப்பிலும் அது தொடரும். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 55 சதவீதம். புதிர் கதவைத் திறக்கும். உள்ளே நடக்க வேண்டியது படிப்புத்தான்!

தாய்மார்களே! உங்கள் பிள்ளை எட்டாம் வகுப்பா? பள்ளி தொடங்கியதுமே தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். "என்.எம்.எம்.எஸ். தேர்வுக்கு எப்போது விண்ணப்பம்? என்ன சான்று வேண்டும்?" என்று கேளுங்கள். விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும். கடைசி நாளில் வருமானச் சான்றுக்கு அலைய வேண்டாம்.

கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். கேட்காமல் விட்ட வாய்ப்பு, அடுத்த ஆண்டு திரும்பி வராது. எட்டாம் வகுப்பு ஒரு தடவைதான்!

வீட்டில் போட்டுப் பாருங்கள்

1. 1, 4, 9, 16 - அடுத்த எண் என்ன?

2. வடக்கு நோக்கி நின்ற பையன் இடப்புறம் திரும்பினான். மறுபடியும் இடப்புறம் திரும்பினான். இப்போது அவன் பார்ப்பது எந்தத் திசை?

3. கண்ணாடியில் மணி 5. உண்மையில் என்ன மணி?

4. மரம் = 274, கரம் = 574. மகரம் = ?

5. ராமு, சோமுவைவிட உயரம். கோபு, ராமுவைவிட உயரம். மூவரில் குட்டை யார்?

விடை: (1) 25. (2) தெற்கு. (3) 7. (4) 2574. (5) சோமு.

ஐந்தும் சரியா? அப்படியானால், நாளைக்கே பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேளுங்கள்!