காகிதத்தில் உயிர் – 14: மேசையின் கீழ் இழுப்பறை

1889 ஏப்ரலில் புது மணப்பெண்ணாகப் பாரிஸ் வீட்டுக்கு வந்தார் யோஹன்னா. கணவர் தியோவின் சின்ன எழுதுமேசையில், கீழ் இழுப்பறை நிறையக் கடிதங்கள். எல்லாம் தியோவின் அண்ணன் வின்சென்ட் வான் கோ எழுதியவை. அதன் பிறகும் வாராவாரம் மஞ்சள் உறைகள் வந்தன. அவையும் அங்கேயே போய்ச் சேர்ந்தன.

இன்று ஆம்ஸ்டர்டாமின் வான் கோ அருங்காட்சியகத்தில், வெளிச்சம் பட்டு மை வெளுத்துவிடக் கூடாதென்று இருட்டில் வைத்துக் காக்கப்படும் செல்வத்தின் பெரும்பகுதி அந்த இழுப்பறையிலிருந்து வந்ததுதான். வின்சென்ட் எழுதியவற்றில் சுமார் 820 கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் 650-க்கும் மேல் தம்பிக்கு. தம்பி அண்ணனுக்கு எழுதியவை? நாற்பதை ஒட்டித்தான் மிச்சம். தியோ தனக்கு வந்தவற்றைப் பெரும்பாலும் தூக்கிப்போடவில்லை. ஊர் ஊராக அலைந்த வின்சென்டோ வந்த கடிதங்களைச் சேர்த்து வைக்கவில்லை. மாதாமாதம் பணம் அனுப்பி அண்ணனைத் தாங்கிய மனிதரின் குரல் பெரும்பாலும் போய்விட்டதே என்பது எனக்குத் தீராத வருத்தம்.

1890 ஜூலை 29-ல் வின்சென்ட் இறந்தார். ஆறே மாதத்தில் தியோவும் போனார். யோஹன்னாவுக்கு அப்போது வயது 28. மகனுக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. நெதர்லாந்தின் புஸ்ஸம் ஊரில் வீடெடுத்து, ஆட்களைத் தங்கவைத்துச் சோறுபோட்டுப் பிழைத்தார். குழந்தை தூங்கிய பிறகு இரவுகளில் கடிதங்களைப் பிரித்தார்.

அது லேசான வேலை இல்லை. வின்சென்ட் பெரும்பாலும் தேதி போடமாட்டார். எந்தக் கடிதத்துக்குப் பின் எது? பணம் வந்து சேர்ந்ததாக ஒரு வரி, தீட்டிக்கொண்டிருக்கும் படத்தைப் பற்றி ஒரு பேச்சு, பூத்திருக்கும் மரம்... இவற்றைப் பிடித்துக்கொண்டுதான் ஒவ்வொரு தாளுக்கும் இடம் தேட வேண்டும். பழைய காகிதக் கட்டோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்தப் பாடு தெரியும்.

1914-ல்தான் மூன்று தொகுதிகளாக அச்சிட்டார். ஏன் அத்தனை தாமதம்? ஓவியங்களுக்கு மதிப்பு வருமுன் ஓவியரின் சோகக்கதை பரவினால் அது இறந்தவருக்குச் செய்யும் அநியாயம் என்று அவர் கருதினார். இதில் நான் முழுக்க அவர் பக்கம். சில பெயர்களை முதலெழுத்தாகச் சுருக்கினார், சில பகுதிகளை விட்டுவிட்டார் என்பதும் உண்மை. ஆனால் அச்சில் குறைத்தாரே தவிர, காகிதத்தைக் காப்பாற்றினார். 1925-ல் அவர் இறந்தபோது கடிதங்களோடு தன் நாட்குறிப்பையும், எந்தப் படம் எவ்வளவுக்கு விலைபோனது என்ற கணக்குப் புத்தகத்தையும் விட்டுச்சென்றார். பொறியாளரான மகன் 1962-ல் அத்தனையையும் குடும்ப அறக்கட்டளையிடம் சேர்த்தார். 1973-ல் அருங்காட்சியகம் திறந்தது. மூலத் தாள்கள் கைவசம் இருந்ததால்தான், அருங்காட்சியக ஆய்வாளர்கள் 15 ஆண்டுகள் உழைத்து, விட்டுப்போனதையெல்லாம் சேர்த்து, 2009-ல் ஆறு தொகுதிகளாக முழுமையாக வெளியிட முடிந்தது.

அந்தக் கட்டில் ஒரு தாளை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1890 ஜூலை 23-ல் வின்சென்ட் தம்பிக்கு ஒரு கடிதம் அனுப்பினார். அதற்காக முதலில் எழுதத் தொடங்கி, முடிக்காமல் விட்ட இன்னொரு தாள் கடைசிவரை அவரிடமே இருந்தது. தபாலில் வராத அந்தக் கடிதத்தையும் தியோ எடுத்து வைத்தார். அண்ணன் தன்னோடு வைத்திருந்த கடிதம் இது என்று, அதன் மேல் தியோவின் கையெழுத்திலேயே ஒரு குறிப்பு இருக்கிறது.