அரைக்காசில் வீற்றிருந்த அன்னை

வீட்டில் ஒரு மோதிரமோ சாவிக்கொத்தோ காணாமற்போனால், அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் படைப்பதாக வேண்டிக்கொள்வது நம் இல்லங்களில் பாட்டிமார் கற்பித்த வழக்கம். பொருள் கிடைத்ததும் வெல்லம் கரைத்து நிவேதித்து அனைவருக்கும் வழங்குவர். அந்த அம்மன் யார், அவளுக்கு ஏன் அப்பெயர் என்று கேட்டால், விடை பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்திற்கு நம்மை அழைத்துச் செல்லும்.

புதுக்கோட்டை நகரின் ஒரு பகுதியாகிய திருக்கோகர்ணத்தில், பாறையைக் குடைந்த கருவறையில் கோகர்ணேசுவரர் லிங்கத் திருமேனியாக எழுந்தருளியிருக்கிறார். சாபத்தால் பூவுலகில் பிறந்த காமதேனு, தன் காதுகளில் கங்கை நீரைக் கொணர்ந்து ஈசனை நீராட்டியது என்பது தலபுராணம். 'கோ' என்றால் பசு. 'கர்ணம்' என்றால் காது. குடைவரையில் வலம்புரி விநாயகரும் கங்காதரரும் பாறையிலேயே உருப்பெற்றுள்ளனர். இத்தலத்து அம்பிகையே பிரகதாம்பாள். தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வம் இவளே.

மன்னர்கள் தங்கள் பெயருக்கு முன் 'ஸ்ரீ பிரகதாம்பாள் தாஸ்' என்று இட்டுக்கொண்டனர். நாடு அம்பிகையினுடையது, தாம் அவளுடைய பணியாளர் என்பதே அதன் கருத்து. அக்கருத்துக்கு நாணயமே சாட்சி. விரல் நகம் அளவேயான அந்தச் செப்புக்காசின் ஒரு பக்கத்தில் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள். மறுபக்கத்தில் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்ற சொல். மன்னரின் உருவம் அதில் இல்லை. ஒரு ரூபாய்க்கு 320 காசுகள். அம்மன் காசு என்றும் அரைக்காசு என்றும் மக்கள் அதனை அழைத்தனர். காசில் இருந்தவளும் அரைக்காசு அம்மன் ஆனாள்.

இவ்வழிபாட்டின் சிறப்புக்கு ஒரு மகானின் அருளும் காரணம் என்பர். 1730 முதல் 1769 வரை ஆண்ட விஜயரகுநாதராயத் தொண்டைமான், திருவரங்குளம் காட்டில் சதாசிவப் பிரம்மேந்திரரைக் கண்டு பணிந்தார். மௌன விரதியாகிய அந்த மகான், உபதேசத்தை மணலில் விரலால் எழுதிக் காட்டினார். மன்னர் அம்மணலைத் தம் மேலாடையில் ஏந்திச் சென்று, அரண்மனையில் வைத்துப் பூசித்தார் என்பது வழிவழி வந்த செய்தி. நவராத்திரி விழா சமஸ்தானத்தின் பெருவிழாவாயிற்று. அந்நாள்களில் அரிசித் தானத்துடன் அம்மன் காசும் வழங்கப்பட்டது. அரிசி பசி தீர்த்தது. காசு அன்னையின் திருவுருவத்தை ஏழையின் கையிலும் சேர்த்தது.

1948 மார்ச் 3 அன்று, கடைசி மன்னர் ராஜகோபாலத் தொண்டைமான் சமஸ்தானத்தை இந்திய அரசிடம் ஒப்படைத்தார். புதுக்கோட்டை முதலில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு இணைந்தது. 1974 ஜனவரி 14 அன்று தனி மாவட்டமாயிற்று. மன்னர் வாழ்ந்த புதிய அரண்மனை இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம். அரசர் உலவிய கூடங்களில் இப்போது குடிமக்கள் மனுக்களுடன் காத்திருக்கின்றனர். நாட்டோடு காசும் வழக்கொழிந்தது.

ஆயினும் அன்னையின் பெயர் ஒழியவில்லை. புதுக்கோட்டையைக் கண்டிராத இல்லங்களிலும், அம்மன் காசைத் தொட்டறியாத குழந்தைகளும் அவளைப் பெயர் சொல்லி அழைக்கின்றனர். நாடு தம்முடையது அன்று என்று மன்னர்கள் அன்றே அவள் திருவடியில் வைத்துவிட்டனர். ஆகவேதான் அரசு கைமாறிய பின்னும் அவளுடைய ஆட்சி கைமாறவில்லை.

திருக்கோகர்ணம் செல்வோர் அம்பிகையைத் தொழுதபின், குடைவரைச் சிற்பங்களையும் மண்டபத்து மேல்விதானத்தில் உள்ள இராமாயண ஓவியங்களையும் நின்று காண வேண்டும். தூண்களில் திருநீற்றையும் குங்குமத்தையும் அப்பாமல், கற்பூரப் புகை ஓவியங்களில் படியாமல் காப்பதும் அவளுக்குச் செய்யும் தொண்டே. தொலைந்ததை மீட்டுத் தருபவளிடம் வேண்டுவோர், இருப்பதைத் தொலைக்காமல் காக்கவும் கடமைப்பட்டவர் அல்லவா!